சென்னைக்கு வந்தபிறகு முடி நீளவில்லை: தண்ணீரா, எண்ணெயா, உடம்பா?

உங்கள் கேள்வியை ஒருமுறை நானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். வயது 26. கும்பகோணம் பக்கத்தில் வளர்ந்தவர். கல்லூரி முடியும்வரை பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. வேலைக்காகச் சென்னை வந்து இரண்டு வருடம் ஆகிறது, இப்போது முதுகின் நடுவோடு நின்றுவிட்டது. பெருங்குடியில் பெண்கள் விடுதி, குளிக்க போர் தண்ணீர். குளியலறை ஜாலியில் தினமும் ஒரு கொத்து முடி. அம்மா வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறார், அறைத்தோழி பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார், பார்லரில் கெரட்டின் சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். கடைசியில் "எந்த எண்ணெய் தேய்த்தால் பழையபடி வளரும்?" என்று முடித்திருக்கிறீர்கள்.

இதற்கு ஒரு எண்ணெயின் பெயரைப் பதிலாகச் சொன்னால் அது உங்களுக்கு உதவாது. அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, இருந்த முடி எப்படிப் போனது என்பது. வேர்ப்பக்கமாக உதிர்ந்து போனதா, நுனியில் ஒடிந்து ஒடிந்து குட்டையானதா, அல்லது புதிதாக முளைப்பதே மெலிந்து வருகிறதா? மூன்றும் கண்ணாடியில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் செய்ய வேண்டியது மூன்றுக்கும் வேறு. நான் தோல் மருத்துவர், சென்னையில் படித்து இங்கேயே பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். முடி என்று வருபவர்களில் பாதிப்பேருக்கு இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவதிலேயே நேரம் போகும், அது வீணான நேரம் இல்லை. உங்கள் தலையை நேரில் பார்க்காமல் நோயின் பெயரை நான் சொல்ல முடியாது. நீங்களே பிரித்துப் பார்க்கும் வழியைச் சொல்ல முடியும்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கில் வளர்கிறது, ஓய்கிறது, உதிர்கிறது. வளரும் பருவம் 2 முதல் 6 ஆண்டுவரை. அதன்பின் இரண்டு மூன்று வாரம் வேர் சுருங்கும், பிறகு ஏறக்குறைய 3 மாதம் ஓய்வு. அப்புறம் அந்த முடி விழும், அதே வேர்க்காலில் புதியது கிளம்பும். வளரும் வேகம் மாதத்துக்கு 1 செ.மீ.-க்குச் சற்று அதிகம். அப்படியென்றால் இடுப்பைத் தொடும் 80 செ.மீ. முடியின் நுனிக்கு ஐந்தாறு வயது. ஐந்தாறு வருடத்து வெயில், சீப்பு, ஷாம்பு, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் அந்த நுனி பார்த்திருக்கிறது.

முடி அதிகபட்சம் எவ்வளவு நீளும் என்பதை முடிவு செய்வது வளரும் பருவத்தின் நீளம். அது பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது, எந்த எண்ணெயும் அதை நீட்டித்ததாக ஆதாரம் இல்லை. ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே இடுப்புக்குக் கீழே முடி இருந்திருக்கிறது. உங்கள் வேர்களுக்கு அந்தத் திறன் உண்டு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னொன்று, தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியில் உயிரணு கிடையாது. அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. பிளந்த நுனியை ஒட்டவைக்கும் என்று விற்கப்படும் எதுவும் அடுத்த சில குளியல்வரை பூசி மறைக்கும், அவ்வளவுதான். எனவே வேருக்கு வேண்டியது சாப்பாடும் உடல்நலமும். நுனிக்கு வேண்டியது, கை அதை எவ்வளவு மென்மையாக நடத்துகிறது என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நுனிக்குச் செய்ய வேண்டியதை வேருக்கும் வேருக்குச் செய்ய வேண்டியதை நுனிக்கும் செய்வதுதான் நான் அதிகம் பார்க்கும் சிக்கல்.

சரி, பிரித்துப் பார்ப்பது எப்படி? சீப்பிலும் தலையணையிலும் விழுந்த முடியை ஒரு வெள்ளைத் தாளில் பரப்புங்கள். கறுப்பான முடி வெள்ளையில் தெளிவாகத் தெரியும். முழு நீள முடியாக இருந்து, ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாய் வெள்ளைக் குமிழ் இருந்தால், அது ஓய்வுப் பருவம் முடிந்து உதிர்ந்த முடி. "ஐயோ, வேரோடு வந்துவிட்டது" என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். வேர்க்கால் தோலுக்குள் பத்திரமாகவே இருக்கிறது, விழுந்தது முடியின் அடிப்பகுதி மட்டும். இரண்டு அங்குலம், நான்கு அங்குலம் என்று துண்டு துண்டாக, குமிழ் இல்லாமல் கிடந்தால் அது ஒடிந்த முடி. தலையில் இருக்கும் முடியின் கீழ்ப்பாதியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்து, அந்த இடத்தில் லேசாக மடக்கினால் ஒடிகிறது என்றாலும் அதே கதைதான். மூன்றாவது, வகிடு. இரண்டு வருடத்துக்கு முந்தைய புகைப்படத்தையும் இன்றைய புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகிடு அகலமாகி, உச்சந்தலை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிறதா? அப்படியானால் முடி மெலிந்துவருகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

எண்ணிக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. மூன்று நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவருக்கு மூன்று நாள் முடி ஒரே நேரத்தில் ஜாலியில் சேரும். நீளமான முடி என்றால் அந்தக் கொத்து இன்னும் பெரிதாகத் தெரியும். குளியல் அதைப் பிடுங்கவில்லை, ஏற்கெனவே கழன்று நின்றதைத்தான் அடித்து வந்தது. முடி கொட்டுகிறதே என்று பயந்து தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடுபவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் முழு நீள முடிதான் அதிகம் விழுகிறது என்றால், இரண்டு மூன்று மாதம் பின்னோக்கிப் போய் யோசியுங்கள். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி எது வந்தாலும் வளரும் பருவத்தில் இருக்கும் முடிகளில் ஒரு பங்கு சேர்ந்தாற்போல ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிந்து அவை விழ இரண்டு மூன்று மாதம் ஆகும். கடும் காய்ச்சல், டைபாய்டு, டெங்கு, பிரசவம், அறுவை சிகிச்சை, சட்டென்று எடை குறைப்பது எல்லாம் இதைச் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் டெங்குவில் படுத்து எழுந்தவர்கள் தை, மாசியில் கொத்துக் கொத்தாய் முடி போகிறது என்று வருவார்கள். காய்ச்சல் மறந்தே போயிருக்கும், அன்றைக்கு மாற்றிய ஷாம்புதான் குற்றவாளியாகத் தெரியும். இந்த வகை உதிர்வில் தலை வழுக்கையாவதில்லை. காரணம் நீங்கினால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானே அடங்கும், ஆனால் பழைய நீளம் திரும்ப வருடங்கள் ஆகும். காரணம் நீங்காமல் தொடர்ந்தால் உதிர்வும் தொடரும். அப்படித் தொடரும் காரணங்களில் முதலிடம் இரும்புச்சத்துக் குறைவு. அப்புறம் தைராய்டு.

ஊர் மாறியதும் முடி போகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தண்ணீரைத்தான் கைகாட்டுகிறார்கள். ஊர் மாறும்போது தண்ணீர் மட்டுமா மாறுகிறது? வீட்டுச் சாப்பாடு போய் விடுதிச் சாப்பாடு வருகிறது. காலை உணவு ஒரு டம்ளர் காபியோடு முடிகிறது. இரவு நேர வேலை, தூக்கக் குறைவு, ஒரு காய்ச்சலிலிருந்து தேறுவதற்கு முன்பே வந்துவிடும் அடுத்த காய்ச்சல். நீங்கள் எழுதியதில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி கூட இல்லை. நான் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அதுதான்.

முடி ஏறக்குறைய முழுக்கவே புரதம். உடம்புக்குப் புரதம் போதாதபோது முதலில் கைவிடப்படுவது முடிதான், இதயமோ ஈரலோ காத்திருக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடை என்றால் சுமார் 46 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. இட்லி, தக்காளிச் சாதம், மேகி என்று நாள் ஓடினால் அந்த 46-ஐ எட்டுவது கஷ்டம். இதற்கு விலை அதிகமான பொடி எதுவும் வேண்டாம். தினம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ பச்சைப்பயறோ, இரண்டு முட்டை அல்லது மீன், சைவம் என்றால் கட்டித் தயிரும் பன்னீரும் வேர்க்கடலையும். விடுதியில் அடுப்பு இல்லாவிட்டாலும் முட்டை வேகவைக்கும் சின்ன மின்பாத்திரம் வைத்துக்கொள்ளலாம்.

இரும்புச்சத்து இன்னும் முக்கியம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம் உள்ளவர்களுக்கு உணவு மட்டும் போதாமல் போகலாம். கீரையில் இரும்பு உண்டு, ஆனால் அசைவத்தில் இருப்பதுபோல அது எளிதாக உடம்பில் சேராது. முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்டவுடன் காபி, டீ குடித்தால் குறையும். சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சென்னையில் இருந்துகொண்டு காபியை விடச் சொல்லவில்லை, நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இப்போது தண்ணீர். பெருங்குடி, வேளச்சேரி, பள்ளிக்கரணை, பழைய மகாபலிபுரம் சாலை நெடுக போர் தண்ணீரிலோ லாரித் தண்ணீரிலோ வாழ்பவர்கள் ஏராளம். வாளியில் போடும் ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் படிவு, குழாய் முனையில் சுண்ணாம்புக் கறை, சோப்பு நுரைக்காமல் திரிவது, இதெல்லாம் உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீரின் அடையாளங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 600 வரை. அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், சிக்கு விழுந்த முடியை இழுத்துச் சீவினால் ஒடியும். இதுவரை உறுதி. ஆனால் கடின நீர் வேரைக் கெடுத்து முடியை உதிரவைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. முடியின் வலுவையே குறைக்கிறதா என்பதிலும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2013-இல் கோயம்புத்தூரில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் கடின நீரில் நனைத்த முடியும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த முடியும் இழுவலிமையில் பெரிதாக வேறுபடவில்லை. பிறகு வேறு இடத்தில் நடந்த ஆய்வில் வலு குறைந்தது.

ஆகவே தண்ணீருக்காக வீடு மாற வேண்டாம். ஷவரில் மாட்டும் சின்ன வடிகட்டிகளும் வேண்டாம். அவை குளோரினைக் கொஞ்சம் குறைக்கலாம், கடினத்தன்மையை எடுக்காது. தலைக்குக் குளிக்கும் நாளில் கடைசியாக அலச மட்டும் அரை வாளி மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குச் சோப்பு போடவே வேண்டாம். கடின நீரில் சோப்பு திரிந்து பிசுக்காய் ஒட்டும், ஷாம்புவில் அந்தத் தொல்லை குறைவு. கண்டிஷனர் கட்டாயம் போடுங்கள், காது மட்டத்துக்குக் கீழே மட்டும். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியில் கழிவாக வெளியேறும் நீரைச் சிலர் சேர்த்துவைத்துக் குளிக்கிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம், தலைக்கு ஊற்றாதீர்கள்.

எண்ணெய்க்கு வருவோம், கேள்வியே அங்குதானே தொடங்கியது. தேங்காய் எண்ணெய் முடிக்கு உண்மையாகவே நல்லது. 2003-இல் வந்த ஒரு ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். குளிக்கும் முன்போ பின்போ தடவினால் முடியிலிருந்து புரதம் கரைந்துபோவதைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சின்னது, நேரானது, புரதத்தோடு ஒட்டும் தன்மையுள்ளது. அதனால் முடித்தண்டுக்குள் நுழைகிறது, முடி நனைந்து உப்புவதையும் குறைக்கிறது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் அந்த விளக்கம் வேதியியல்படி பொருந்துகிறது, நடைமுறையிலும் வித்தியாசம் தெரிகிறது. கவனியுங்கள், இது முழுவதும் தண்டைப் பற்றியது. வேரைத் தூண்டி முடியை வேகமாக வளரவைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

எனவே எண்ணெயை எங்கே தடவுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. நாம் உச்சந்தலையில் குளிரக் குளிர வைத்துத் தேய்த்துவிட்டு, கையில் மீந்ததை நுனியில் துடைக்கிறோம். நீளம் வேண்டுமென்றால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ, முந்தின இரவோ, ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயைப் பின்னலின் கீழ்ப்பாதியில் தொடங்கி நுனிவரை தடவுங்கள். பொடுகு இல்லாவிட்டால் தலையிலும் கொஞ்சம் வைக்கலாம், விரல் நுனியால் மெதுவாக அழுத்திவிடுவது இதமாகவும் இருக்கும். பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம். பொடுகோடு சேர்ந்து இருக்கும் ஒருவகை ஈஸ்ட் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் பெருகுகிறது. "தலை காய்ந்துபோய்ப் பொடுகு உதிர்கிறது, இன்னும் எண்ணெய் வை" என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் அந்த ஈஸ்டுக்குத்தான் தீனி போடுகிறது. சென்னைப் புழுக்கத்தில், எண்ணெய்த் தலையோடு பேருந்திலோ ஹெல்மெட்டுக்குள்ளோ நாள் முழுக்க வியர்த்தால் இது இன்னும் மோசமாகும்.

அம்மா சொல்லும் செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியலை நான் தள்ளிவிட மாட்டேன். நல்லெண்ணெய் தேங்காய் எண்ணெய்போல முடிக்குள் இறங்குவதாக நல்ல ஆதாரம் இல்லை, ஆனால் மேலே வழவழப்பாய் நின்று உராய்வைக் குறைக்கும். வாரம் இரண்டு நாள் நிதானமாகச் சிக்கெடுத்து, எண்ணெய் தேய்த்து, அலசி, உலர்த்தி என்று ஒரு மணி நேரம் முடிக்காகச் செலவழிக்கும் பழக்கமே பாதி வைத்தியம். ஊரில் உங்கள் முடி நீளமாய் இருந்ததற்கு எண்ணெயைவிட அந்த நிதானம் கூடுதல் காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இதை என்னால் நிரூபிக்க முடியாது. விளக்கெண்ணெயைத் தனியாக, கெட்டியாகப் பூசாதீர்கள். நீண்ட முடியுள்ள இளம்பெண்ணுக்கு விளக்கெண்ணெய் கலந்து தேய்த்துக் குளித்தபின் முடி முழுக்கச் சடைபிடித்து, வெட்டுவதைத் தவிர வழியில்லாமல் போனது 2017-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான், ஆனாலும் நீள முடிக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஷாம்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை? சென்னையில் வெளியே போய்வருபவருக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சரி. வியர்வை அதிகம் என்றால் தினமும்கூடத் தப்பில்லை. ஷாம்பு தலைத்தோலுக்கு, நுரை வழிந்து போகும்போதே நீளம் சுத்தமாகிவிடும். முடியை உச்சியில் குவித்துத் துணி துவைப்பதுபோலக் கசக்க வேண்டாம். பொடுகு இருந்தால் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரம் இருமுறை, தலையில் 5 நிமிடம் ஊறவிட்டு, நான்கு வாரம். சீயக்காய் பிடித்தால் பயன்படுத்துங்கள், அதில் இருக்கும் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் நன்றாகவே அழுக்கெடுக்கும். மில்லில் அரைத்த பொடியை அப்படியே போட்டுத் தேய்த்தால் சொரசொரப்பு முடியின் மேல்செதிலைக் கீறும். சோறு வடித்த கஞ்சியில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

ஒடிந்த துண்டுகள்தான் தாளில் அதிகம் தெரிந்தன என்றால் இனி சொல்வதுதான் உங்களுக்கு மிகவும் வேண்டியது. ஈர முடி பலவீனமானது, ரப்பர்போல நீண்டு, அதற்குமேல் அறுந்துவிடும். குளித்தவுடன் துண்டால் அடித்து உதறுவதும், ஈரத்தோடு நெருக்குப்பல் சீப்பால் உச்சியிலிருந்து இழுப்பதும், ஒரு மாதத்தில் வளர்ந்ததை ஒரு காலையில் ஒடித்துவிடும். பழைய பருத்திப் புடவைத் துண்டிலோ பனியன் துணியிலோ ஒற்றி எடுங்கள். முக்கால்வாசி காய்ந்தபின் அகலப்பல் சீப்பால் முதலில் நுனிச் சிக்கு, பிறகு நடு, கடைசியில் தலை என்று கீழிருந்து மேலே வாருங்கள். நூறு தரம் வாரினால் வளரும் என்பது உண்மையில்லை, உராய்வுதான் கூடும். அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று ஈரத்தலையைக் கொண்டை போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள், காலையில் நேரமில்லை என்றால் மாலையில் தலைக்குக் குளியுங்கள். படுக்கும்போது தளர்வான ஒற்றைப் பின்னல் போதும், விரித்துப்போட்ட முடி இரவெல்லாம் தலையணையில் தேய்ந்து சிக்காகும்.

இறுக்கமும் கெடுதல். நெற்றியோரமும் காதுக்கு மேலேயும் முடி மெலிந்து வரும் இளம்பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பள்ளியில் ரிப்பன் வைத்து இழுத்துக் கட்டிய இரட்டைப் பின்னல் பல வருடம் தொடர்ந்தவர்கள், ஒரே இடத்தில் இழுத்து உயரக் குதிரைவால் போடுபவர்கள். பரதநாட்டியம் ஆடுபவர்களுக்கு இது கூடுதல். சவுரி, ராக்கொடி, ஜடை அலங்காரம், பூ என்று எல்லா எடையையும் முன்முடிதான் தாங்குகிறது, மார்கழியில் அடுத்தடுத்து மேடை ஏறுபவர்களுக்கு ஓய்வே இல்லை. இறுக்கிக் கட்டுவதை ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டால் திரும்ப வளரும், பல வருடம் தொடர்ந்தால் அந்த வேர்க்கால்கள் நிரந்தரமாக மூடிவிடும். கட்டி முடித்ததும் நெற்றித்தோல் வலித்தால் அது இறுக்கம் அதிகம் என்று அர்த்தம், அவிழ்த்துத் தளர்த்துங்கள். தினமும் சூடும் ஒரு முழம் மல்லிகை ஒன்றும் செய்யாது. ஹெல்மெட்டால் வழுக்கை வராது, உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொண்டு அதை அடிக்கடி துவையுங்கள். ஹெல்மெட்டை மட்டும் முடிக்காக விட்டுவிடாதீர்கள்.

பார்லரில் சொன்ன கெரட்டின் சிகிச்சைக்கு என் பதில், வேண்டாம். பெயர் கெரட்டின் என்றாலும் முடியை நேராக்குவது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடோ கிளையாக்சிலிக் அமிலமோ, அதன்மேல் வைக்கும் 200 டிகிரிக்கு நெருக்கமான சூடும்தான். நீளம் வேண்டும் என்று கேட்பவர் ஐந்து வயது நுனிக்கு அந்தச் சூட்டை வைக்கக்கூடாது. கிளையாக்சிலிக் அமிலம் கலந்த பொருட்களால் நேராக்கிக்கொண்ட சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவ இதழ்கள் அண்மையில் பதிவு செய்திருக்கின்றன. ஏற்கெனவே நுனி பிளந்திருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அங்குலத்துக்கும் குறைவாக வெட்டுங்கள். வெட்டினால் வேகமாக வளராது, பிளவு மேலே ஏறாமல் நிற்கும். அதேபோல மொட்டை போட்டால் அடர்த்தியாய் வளரும் என்பதும் இல்லை. வெட்டுப்பட்ட முனை மழுங்கலாக இருப்பதால் தடவும்போது தடிமனாகத் தோன்றும். பழனிக்கோ திருப்பதிக்கோ வேண்டுதல் என்றால் போடுங்கள், அடர்த்திக்காக வேண்டாம்.

சந்தேகமான பட்டியலில் நம் வீட்டு மூலிகைகள் பல இருக்கின்றன. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி இரண்டும் எலிகளில் முடி வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உண்டு, மனிதர்களில் போதிய சோதனை இல்லை. கறிவேப்பிலை, வெந்தயம் அரைத்துப் பூசுவது முடியை மிருதுவாக்கும், அதில் எனக்கு மறுப்பில்லை. வெங்காயச் சாறு பற்றி எல்லோரும் சொல்லும் ஆய்வு 2002-இல் பாக்தாதில் நடந்தது. அது புழுவெட்டு நோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வு, பொதுவான முடி உதிர்வுக்கு அதை நீட்டிப் பேச முடியாது. ரோஸ்மேரி எண்ணெயை, முடி வளரத் தலையில் பூசும் மருந்தான 2 சதவீத மினாக்சிடிலோடு ஒப்பிட்ட 2015 ஆய்வு 100 ஆண்களை ஆறு மாதம் பார்த்தது. இரண்டிலும் முன்னேற்றம் கொஞ்சம்தான், ஒன்றும் பூசாத குழு அதில் இல்லை. இவற்றால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் இவற்றை நம்பி ஆறு மாதம் காத்திருக்கும் நேரத்தில் இரும்புக் குறைவோ தைராய்டோ கவனிக்கப்படாமல் கிடப்பதுதான் என் கவலை.

மூன்றாவது வகை, அதாவது வகிடு அகலமாகி முடி மெலிவது, பரம்பரையோடும் ஹார்மோனோடும் சேர்ந்தது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது, முகத்தில் முடி, தீராத முகப்பரு இவையும் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு உறுதியான பலன் காட்டிய மருந்து மினாக்சிடில். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும், பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்தது போய்விடும். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் கூடாது. இத்தனை நிபந்தனை இருப்பதால்தான் இணையத்தில் பார்த்து வாங்கிப் பூசாமல் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொடங்கச் சொல்கிறேன்.

ஒரு ரூபாய் அளவில் வட்டமாகப் பளபளவென்று முடி இல்லாமல் போவதைப் புழுவெட்டு என்கிறோம். புழு எதுவும் இல்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே வேரைத் தாக்குகிறது. அதற்குப் பூண்டு தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வட்டமாகப் போவது, தலைத்தோலில் வலி, சீழ், தழும்பு, புருவமும் சேர்ந்து உதிர்வது, ஆறு மாதம் தாண்டியும் உதிர்வு நிற்காதது, இதில் எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் போங்கள். சென்னை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கட்டணமில்லாமலே பார்க்கிறார்கள்.

போவதற்கு முன் மூன்று இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் நேரம் மிச்சம்: முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பில் இருக்கும் இரும்பு காலியாகியிருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின். அது மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறோம். முடிக்காக எவ்வளவுக்கு உயர்த்த வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தோழி கொடுத்த பயோட்டினை இப்போதே நிறுத்துங்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவருக்கு அதன் குறைபாடு மிக அரிது. அதிக அளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் தைராய்டு பரிசோதனையே தப்பாக வரும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே இதை எச்சரித்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தி மூன்று நாளாவது கழித்து இரத்தம் கொடுங்கள், பரிசோதனைக் கூடத்திலும் அதைச் சாப்பிட்டு வந்ததைச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் குறைவு என்று வந்தால் இரும்பு மாத்திரையின் அளவையும் எத்தனை மாதம் என்பதையும் மருத்துவர் சொல்லட்டும், அந்த மாத்திரையைக் காபியோடு மட்டும் விழுங்காதீர்கள்.